இந்தச் சிப் யார் வீட்டுப் பிள்ளை?

புதிய போர்டு ஒன்று மேசைக்கு வந்ததும் அதன் டேட்டாஷீட்டைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குபவர்கள் உண்டு. படிக்க வேண்டியதுதான், ஆனால் அது இரண்டாவது வேலை. முதல் வேலை, லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் மூல நிரலைத் திறந்து, இந்தச் சிப்புக்குள் இருக்கும் ஒவ்வொரு பகுதிக்கும் அங்கே ஏற்கெனவே சொந்தக்காரர்கள் இருக்கிறார்களா என்று தேடுவது. ஊருக்குள் புதுமுகம் ஒன்றைப் பார்த்தால் பெரியவர்கள் பெயரைக் கேட்பதற்கு முன்பே "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பார்களே, அந்தக் கேள்விதான் இது. வன்பொருளை இயக்கும் நிரலான ட்ரைவரை எழுதும் வேலையில் இதைவிடப் பயனுள்ள கேள்வி எனக்குத் தெரியாது.

காரணம், வன்பொருளே அப்படித்தான் உருவாகிறது. ஒரு எஸ்ஓசி (ஒரு முழுக் கணினியையே அடக்கிய ஒற்றைச் சிப்) தயாரிக்கும் நிறுவனம் அதற்குள் இருக்கும் எல்லாவற்றையும் தானே வடிவமைப்பதில்லை. சீரியல் போர்ட், யூஎஸ்பி, ஈதர்நெட், மெமரி கார்டு கன்ட்ரோலர் போன்றவற்றின் வடிவமைப்பைச் சினாப்சிஸ், கேடன்ஸ், ஆர்ம் மாதிரியான நிறுவனங்களிடம் உரிமம் பெற்று உள்ளே வைத்துக்கொள்கிறது. ராஸ்பெர்ரி பையின் முதல் மாடலில் உள்ள யூஎஸ்பி கன்ட்ரோலரும், ராக்சிப் நிறுவனத்தின் ஆர்கே3288 சிப்பில் உள்ள ஒரு யூஎஸ்பி கன்ட்ரோலரும் ஒரே சினாப்சிஸ் வடிவமைப்பு. லினக்ஸில் இரண்டுக்கும் ஒரே ட்ரைவர்தான், டிடபிள்யூசி2.

ஆனால் சிப்போடு வரும் கையேடு இதைச் சொல்லாது. பல கையேடுகளில் ரெஜிஸ்டர்களின் (சிப்போடு பேச நிரல் படித்து எழுதும் சிறு நினைவிடங்கள்) பெயர்களை மாற்றியிருப்பார்கள், சில பிட்களை "ஒதுக்கப்பட்டது" என்று எழுதி மறைத்திருப்பார்கள், வடிவமைப்பு யாருடையது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அப்போது உதவுவது ரெஜிஸ்டர்களின் அடுக்கும் அடையாள எண்ணும். சினாப்சிஸின் டிசைன்வேர் யூஆர்ட்டில் (யூஆர்ட் என்பது சீரியல் போர்ட்டை நடத்தும் பகுதி), ரெஜிஸ்டர் பகுதியின் கடைசியில், ஹெக்ஸில் (பதினாறடிமான எண்முறையில்) எஃப்சி என்ற இடத்தில் ஒரு அடையாள ரெஜிஸ்டர் உண்டு. அதைப் படித்தால் ஹெக்ஸில் 44570110 என்று வரும். 44, 57 ஆகிய இரண்டு பைட்டுகளையும் ஆஸ்கி எழுத்துக் குறியீட்டில் பார்த்தால் டி, டபிள்யூ என்ற எழுத்துகள். டிடபிள்யூசி2 யூஎஸ்பியில் அடையாள எண்ணின் மேல் பாதி ஓ, டி என்ற எழுத்துகள். கெர்னலுக்கு முன்பு ஓடும் யூபூட் நிரலின் கன்சோலில் மெமரியைப் படித்துக் காட்டும் ஒரு கட்டளை போதும், இந்த எண்கள் திரையில் வந்துவிடும். அந்த நான்கு பைட்டுகளைப் பார்க்கும்போது வரும் நிம்மதி பெரியது. இனி எழுத வேண்டியது ஒரு முழு ட்ரைவர் இல்லை, ஏற்கெனவே இருக்கும் ட்ரைவரோடு இந்தச் சிப்பைச் சேர்க்கும் ஒரு சின்னக் கோப்பு மட்டும்தான்.

அந்தச் சின்னக் கோப்பு எப்படி இருக்கும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஆல்வின்னர் சிப்புகளின் யூஎஸ்பி. உள்ளே இருப்பது மென்டர் கிராஃபிக்ஸின் மியூஎஸ்பி வடிவமைப்பு. ஆனால் ஆல்வின்னரில் அதன் ரெஜிஸ்டர்கள் இடம் மாற்றி அடுக்கப்பட்டிருக்கின்றன. வேலை அதே, பிட்களின் பொருள் அதே, இருக்கும் இடம் மட்டும் வேறு. லினக்ஸில் இதற்காகப் புது ட்ரைவர் எழுதப்படவில்லை. மியூஎஸ்பி ட்ரைவர் ஒரு ரெஜிஸ்டரைப் படிக்கும் ஃபங்ஷனை மாற்றிக்கொள்ள ஏற்கெனவே வழி இருந்தது. ஆல்வின்னருக்கான கோப்பு அந்த ஃபங்ஷனைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, "பழைய இடம் இது என்றால் புதிய இடம் இது" என்று மாற்றிக் கொடுக்கிறது. ஒரு ரெஜிஸ்டர் சில ஆல்வின்னர் சிப்புகளில் கிடையவே கிடையாது. அதைக் கேட்டால் இந்தக் கோப்பே ஒரு நிலையான மதிப்பைப் பதிலாகச் சொல்லிவிடும். பொதுவான ட்ரைவருக்குத் தான் வேறொரு வீட்டில் இருப்பதே தெரியாது. பல வருடங்களாக டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப்புகளில் ஓடிப் பழகிய அதே நிரல் இங்கேயும் ஓடுகிறது.

நிரலைப் பகிர்ந்துகொள்வது என்றாலே "எழுத வேண்டிய வரிகள் குறையும்" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். குறையும்தான், ஆனால் அது ஒரு சிறிய லாபம். பெரிய லாபம், மற்றவர்கள் அந்த வன்பொருளோடு பட்ட பாடு முழுவதும் அந்த வரிகளுக்குள் இருப்பது. இதை விளக்க சீரியல் போர்ட்டைவிட நல்ல இடம் கிடையாது.

1981இல் ஐபிஎம் பிசி வெளிவந்தபோது அதன் சீரியல் போர்ட்டில் நேஷனல் செமிகண்டக்டரின் 8250 சிப் இருந்தது. எட்டு முகவரிகள், அவ்வளவுதான். அப்புறம் 16450, 16550, 16550ஏ என்று வந்தன. இன்றைக்கு ஆர்ம் சிப்புகளையும் ரிஸ்க்-ஃபைவ் சிப்புகளையும் திறந்து பார்த்தால், பலவற்றில் உள்ளே இருக்கும் சீரியல் போர்ட் இந்த 8250 குடும்பம், வேறு பலவற்றில் ஆர்மின் பிஎல்011. நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகியும் அந்த எட்டு முகவரிகளின் அடுக்கு மாறவில்லை. லினக்ஸில் 8250க்குத் தனி அடைவே இருக்கிறது. பொதுவான நிரல் ஒரு பக்கம், டிசைன்வேர், ஓமேப், மீடியாடெக், இன்ஜெனிக், யூனிஃபையர் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சின்னக் கோப்பு இன்னொரு பக்கம்.

பொதுவான பகுதியில் சிப்பை அடையாளம் காணும் ஃபங்ஷன் ஒன்று உண்டு. அதை வரி வரியாகப் படிக்க வேண்டும் என்று ட்ரைவர் எழுத வரும் எல்லோரிடமும் சொல்வேன். இன்டரப்ட் (வன்பொருள் சிபியூவை அழைக்கும் சமிக்ஞை) அனுமதி ரெஜிஸ்டரில் பூஜ்யம் எழுதித் திரும்பப் படிக்கும். பிறகு கீழ் நான்கு பிட்களை ஒன்றாக்கிப் படிக்கும். எழுதியது திரும்பி வரவில்லை என்றால் அங்கே யூஆர்ட்டே இல்லை. அப்புறம் லூப்பேக் சோதனை, அதாவது அனுப்புவதைத் தனக்கே திருப்பிவிட்டுப் பார்ப்பது. அப்புறம் ஃபைஃபோவை (தரவு வரிசையில் காத்திருக்கும் சிறு இடம்) இயக்கச் சொல்லிவிட்டு, இன்டரப்ட் அடையாள ரெஜிஸ்டரின் மேல் இரண்டு பிட்களைப் பார்க்கும். இரண்டும் பூஜ்யம் என்றால் ஃபைஃபோ இல்லாத பழைய சிப். மேல் பிட் மட்டும் ஒன்று என்றால் 16550. இரண்டும் ஒன்று என்றால் 16550ஏ அல்லது அதற்குப் பிந்தையது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 16550இல் 16 பைட் ஃபைஃபோ உண்டு. ஆனால் லினக்ஸின் அட்டவணையில் 16550க்கு எதிரே ஃபைஃபோ அளவு 1 என்று எழுதியிருக்கும். 16550ஏவுக்கு எதிரே 16. முதலில் வந்த 16550இன் ஃபைஃபோ கோளாறானது, அதை நம்ப முடியாது. "ஏ" என்ற எழுத்தோடு வந்த சிப்பில்தான் அது சரியாக வேலை செய்தது. அந்தப் பழைய சிப்போடு யாரோ போராடிக் கண்டறிந்தது ஒரு அட்டவணையில் ஒற்றை எண்ணாக உட்கார்ந்திருக்கிறது. புதிதாக எழுதுபவருக்கு இது தெரியவும் வாய்ப்பில்லை, தெரிந்துகொள்ளும் தேவையும் இல்லை. பொதுவான நிரலைப் பயன்படுத்தினாலே அது கூடவே வந்துவிடுகிறது.

டிசைன்வேர் யூஆர்ட்டின் கோப்பு இன்னும் சுவையானது. சாதாரண 8250இல் பாட் விகிதத்தை (தரவு போகும் வேகம்) மாற்ற எல்சிஆர் என்ற ரெஜிஸ்டரில் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். டிசைன்வேரில் அப்படி முடியாது. யூஆர்ட் ஏதாவது அனுப்பிக்கொண்டோ வாங்கிக்கொண்டோ இருக்கும்போது எழுதினால் எழுதியதை அது கண்டுகொள்ளாது. அதோடு, "நான் வேலையாக இருந்தேன்" என்று சொல்ல ஒரு இன்டரப்ட் வேறு தரும். அந்த இன்டரப்ட் போக வேண்டுமென்றால் ஒரு நிலை ரெஜிஸ்டரைப் படிக்க வேண்டும். பழைய 8250இல் அப்படி ஒரு ரெஜிஸ்டரே கிடையாது. அதனால் அந்தக் கோப்பு எல்சிஆரில் எழுதிவிட்டு, எழுதியது நின்றதா என்று திரும்பப் படித்துப் பார்க்கிறது. நிற்கவில்லை என்றால் ஃபைஃபோவைக் காலி செய்துவிட்டு மறுபடி எழுதுகிறது. ஆயிரம் முறை வரை முயன்று பார்த்துவிட்டுத்தான் கைவிடும்.

இதே யூஆர்ட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு, அதை நான் நேரில் சந்தித்தேன். ஒரு கேட்வே போர்டு. கன்சோலில் யாரும் எதுவும் தட்டச்சு செய்யவில்லை, ஆனால் சிபியூ ஓயாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. இன்டரப்ட் எண்ணிக்கைப் பட்டியலைத் திறந்து பார்த்தால் சீரியல் போர்ட்டின் எண் கண்ணெதிரே ஏறிக்கொண்டே போகிறது. சிப்பைக் கேட்டால் "தரவு வந்து காத்திருக்கிறது, எடுத்துக்கொள்ள நேரமாகிவிட்டது" என்கிறது. போய்ப் பார்த்தால் எடுக்க எதுவும் இல்லை. திரும்பி வந்தால் மறுபடி அதே இன்டரப்ட். சிப் விற்ற நிறுவனம் தந்த கெர்னல் அது. அவர்கள் 8250 நிரலை எப்போதோ மொத்தமாக நகலெடுத்து, ஃபங்ஷன் பெயர்களை எல்லாம் தங்கள் நிறுவனப் பெயரில் தொடங்கும்படி மாற்றி, தனிக் கோப்பாக வைத்திருந்தார்கள்.

அடையாள ரெஜிஸ்டரைப் படித்தேன். டி, டபிள்யூ. அதிகாரபூர்வ கெர்னலில் டிசைன்வேர் கோப்பின் மாற்ற வரலாற்றைப் பார்த்தால், இதே கோளாறுக்கான திருத்தம் 2017இலேயே சேர்ந்திருக்கிறது. தரவு இல்லாமலே டைம்அவுட் இன்டரப்ட் வந்தால், தரவு ரெஜிஸ்டரை ஒருமுறை சும்மா படித்துவிட வேண்டும், அவ்வளவுதான். அப்படிப் படிக்காவிட்டால் இன்டரப்ட் முடிவில்லாமல் அடித்துக்கொண்டே இருக்கும் என்று அங்கேயே கருத்துரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். உலகத்தில் எங்கோ ஒருவர் கண்டுபிடித்துத் திருத்தி எல்லோருக்கும் கொடுத்த ஒன்று, பெயர் மாற்றிய நகல் என்ற ஒரே காரணத்தால் எங்கள் போர்டை வந்து சேரவில்லை. அந்த நகலை வைத்துப் பொருள் செய்த எத்தனை பேர் இதே இன்டரப்டை மறுபடி மறுபடி துரத்தியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை. நகலெடுப்பது அந்த நேரத்துக்குச் சுலபம். ஆனால் எடுத்த நாளோடு அந்த நிரலின் வளர்ச்சி நின்றுவிடுகிறது.

நாங்கள் அந்தத் திருத்தத்தை நகலுக்குள் ஒட்டவில்லை. நகலை எடுத்துவிட்டு, அதிகாரபூர்வ 8250ஐப் போட்டோம். போர்டில் எது எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீயில் முகவரி, கடிகாரம், ரெஜிஸ்டர்களுக்கு இடையே நான்கு பைட் இடைவெளி ஆகியவற்றைச் சொன்னதும் கன்சோல் வந்துவிட்டது.

வேறுபாட்டை எங்கே வைப்பது என்பதற்கு ராஸ்பெர்ரி பையின் மினி யூஆர்ட் இன்னொரு அழகான உதாரணம். 8250இல் பாட் விகிதம் என்பது கடிகார வேகத்தை 16ஆலும் அப்புறம் ஒரு வகுப்பானாலும் வகுத்தால் வருவது. மினி யூஆர்ட்டில் 16க்குப் பதில் 8. பொதுவான நிரலுக்குள் போய் "பை என்றால் 8" என்று ஒரு நிபந்தனை எழுதியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. மினி யூஆர்ட்டுக்கான கோப்பு, கடிகார வேகத்தை இரண்டால் பெருக்கிப் பொதுவான நிரலிடம் சொல்கிறது. 16ஆல் வகுக்கும் நிரல் தன் போக்கில் வகுக்கிறது, விடை சரியாக வருகிறது. பொது நிரலில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

சரி, சீரியல் போர்ட் பழைய கதை. இப்போது சின்னச் சென்சார்களுக்கு வருவோம். இங்கே பகிர்வது சிப்பின் நிரலை இல்லை, ரெஜிஸ்டரைப் படித்து எழுதும் அந்தச் செயலையே.

ஒரு சென்சார் ஐ2சி, எஸ்பிஐ என்ற இரண்டு இணைப்பு வழிகளிலும் வேலை செய்யும். ரெஜிஸ்டர்கள் அதேதான், போய்ச் சேரும் வழிதான் வேறு. முன்பெல்லாம் ஒவ்வொரு ட்ரைவரும் தனக்கென்று ஒரு படிக்கும் ஃபங்ஷன், ஒரு எழுதும் ஃபங்ஷன், ஒரு பிட்டை மட்டும் மாற்ற ஒரு ஃபங்ஷன், அதற்கு ஒரு லாக் என்று எழுதி வைத்திருக்கும். எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் ஒவ்வொன்றிலும் வேறு வேறு பிழை. ஆடியோ சிப்புகளுக்கான துணை அமைப்பில்தான் இதைப் பொதுவாக்கும் வேலை முதலில் நடந்தது, அங்கே ரெஜிஸ்டர்கள் அவ்வளவு அதிகம். அந்த அனுபவத்திலிருந்து வுல்ஃப்சன் நிறுவனத்தில் இருந்த மார்க் பிரவுன் ரெஜ்மேப் என்ற லைப்ரரியை உருவாக்கினார். 2011இல் லினக்ஸ் 3.1இல் அது சேர்ந்தது.

போஷ் நிறுவனத்தின் பிஎம்பி280 காற்றழுத்த சென்சாரை எடுத்துக்கொள்ளுங்கள். விலை குறைவு, எந்த மின்னணுக் கடையிலும் கிடைக்கும், அதனால் நீங்களே கையில் வைத்துப் பார்க்கலாம். லினக்ஸில் இதன் ட்ரைவர் சில கோப்புகளாகப் பிரிந்திருக்கிறது. அளவெடுப்பது, அளவுத்திருத்த எண்களைப் படித்துக் கணக்குப் போடுவது எல்லாம் மையக் கோப்பில். ஐ2சிக்கான கோப்பு மிகச் சிறியது, "இந்த ஐ2சி முகவரியில் எட்டு பிட் ரெஜிஸ்டர், எட்டு பிட் மதிப்பு" என்று சொல்லி ஒரு ரெஜ்மேப்பை உருவாக்கி மையத்திடம் கொடுத்துவிடும். எஸ்பிஐ கோப்பில் மட்டும் ஒரு நுணுக்கம். எஸ்பிஐயில் பிஎம்பி280 ரெஜிஸ்டர் முகவரியின் மேல் பிட்டை முகவரியாகப் பார்க்காது. படிப்பதா எழுதுவதா என்பதற்கான அடையாளமாக எடுத்துக்கொள்ளும். எழுத வேண்டும் என்றால் அந்தப் பிட்டைப் பூஜ்யமாக்கி அனுப்ப வேண்டும். அந்த ஒரு வரி எஸ்பிஐ கோப்பிலேயே தங்கிவிடுகிறது. காற்றழுத்தத்தைக் கணக்கிடும் நிரலுக்கு இது தெரிய வேண்டியதே இல்லை.

ரெஜ்மேப் கூடவே தருபவை இன்னும் அதிகம். எழுதிய மதிப்புகளைக் கேஷில், அதாவது மெமரியில் ஒரு பிரதியாக, வைத்துக்கொள்ளும். சிப் மின்சாரம் இழந்து திரும்பி வரும்போது "எல்லாவற்றையும் மறுபடி எழுது" என்று ஒரே அழைப்பில் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். தானாக மாறும் நிலை ரெஜிஸ்டர்களைக் கேஷில் வைக்கக் கூடாது என்பதை ட்ரைவர் ஒரு பட்டியலாகச் சொல்லிவிட்டால் போதும். பிழை தேடுவதற்கான டீபக் அடைவில் எல்லா ரெஜிஸ்டர்களின் மதிப்பும் படிக்கக் கிடைக்கும், அதற்காக ஒரு வரிகூட எழுத வேண்டாம். தனித்தனியாக எழுதியிருந்தால், சிப்பை உறங்க வைத்து எழுப்பும் பகுதியை ஒவ்வொரு ட்ரைவரும் கடைசி நேரத்தில் அவசரமாக எழுதியிருக்கும்.

ஆனால் சொந்தம் என்று நம்பி அதிகம் விட்டுவிடக் கூடாது என்பதையும் இதே ட்ரைவர்தான் காட்டுகிறது. பின்னால் பிஎம்பி380 வந்தது. அதையும் இந்த ட்ரைவரிலேயே சேர்த்தார்கள், சரியான முடிவுதான். ஆனால் பிஎம்பி380 எஸ்பிஐயில் படிக்கும்போது, கேட்ட தரவுக்கு முன்னால் ஒரு வெற்று பைட்டை அனுப்பும். அதைத் தள்ளிவிட்டுத்தான் உண்மையான மதிப்பை எடுக்க வேண்டும். பிஎம்பி280க்கு அந்தப் பழக்கம் இல்லை. இது கவனிக்கப்பட்டு எஸ்பிஐ கோப்பில் பிஎம்பி380க்குத் தனியாகப் படிக்கும் ஃபங்ஷன் சேர்ந்தது 2024இல்தான். அதுவரை ஐ2சியில் பயன்படுத்தியவர்களுக்கு எந்தக் குறையும் தெரிந்திருக்காது. ஒரே குடும்பப் பெயர், ஒரே நிறுவனம், அடுத்தடுத்த எண் என்பதெல்லாம் ஒரு குறிப்பு மட்டும்தான். பொதுவான நிரலில் சேர்க்கும்போது, சேரும் ஒவ்வொரு வழியிலும் உண்மையான சிப்பை வைத்து ஒருமுறை ஓட்டிப் பார்த்தாக வேண்டும். கையில் எஸ்பிஐ போர்டு இல்லை என்றால் அந்த வழியைச் சேர்க்காமல் விடலாம், அதில் தவறில்லை.

பகிர்வதில் முறை முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். பொதுவான நிரலை இரண்டு விதமாக எழுதலாம். ஒன்று, பொது நிரல் தலைவராக உட்கார்ந்துகொண்டு, தேவைப்படும் இடத்தில் மட்டும் ட்ரைவரைக் கூப்பிடும். இன்னொன்று, ட்ரைவர் தலைமை தாங்கும், பொது நிரலில் தனக்கு வேண்டிய ஃபங்ஷனைக் கூப்பிட்டுக்கொள்ளும். முதல் முறையில் வரும் சிக்கலைக் கெர்னல் நிரலாளர் நீல் பிரவுன் 2009இல் நடு அடுக்குத் தவறு என்ற பெயரில் விரிவாக விளக்கினார். தலைவராக உட்கார்ந்திருக்கும் இந்த நடு அடுக்கு எதிர்பார்க்காத ஒன்றை ஒரு சிப் செய்தால், ட்ரைவரால் எதுவும் செய்ய முடியாது. அந்த ஒரு சிப்புக்காக நடு அடுக்கில் ஒரு கொடி (ஆம், இல்லை என்று சொல்லும் குறி) சேர்ப்பார்கள், அடுத்த சிப்புக்கு இன்னொன்று. கடைசியில் யாருக்கும் முழுதாகப் புரியாத கொடிகளின் குவியலாகிவிடும்.

8250 இந்த இரண்டுக்கும் நடுவே வளர்ந்த நிரல், அதில் பழைய கொடிகள் சில இன்னமும் இருக்கின்றன. ஆனால் டிசைன்வேரின் இன்டரப்ட் ஃபங்ஷனைப் பாருங்கள். முதலில் தன் சிப்புக்கே உரிய வெற்று டைம்அவுட்டைக் கவனிக்கிறது. பிறகு பொதுவான இன்டரப்ட் ஃபங்ஷனைக் கூப்பிடுகிறது. அது "என்னுடையது இல்லை" என்று திருப்பினால், வேலையாக இருந்தேன் என்ற அந்த இன்டரப்டா என்று பார்த்து நிலை ரெஜிஸ்டரைப் படிக்கிறது. முன்னும் பின்னும் தன்னுடையது, நடுவில் பொதுவானது. படிப்பவருக்கு எது எங்கே நடக்கிறது என்று உடனே தெரிகிறது. கிராஃபிக்ஸ் துணை அமைப்பில் இதை இன்னும் தெளிவாகச் செய்கிறார்கள். அங்கே உதவி ஃபங்ஷன்கள் என்றே ஒரு தொகுப்பு இருக்கிறது. உங்கள் வன்பொருள் சாதாரணமானது என்றால் அவற்றை அப்படியே போட்டுக்கொள்ளலாம். ஒரு இடத்தில் மட்டும் வேறு என்றால் அந்த இடத்தில் மட்டும் சொந்தமாக எழுதலாம்.

லினக்ஸ் ஓடும் உங்கள் கணினியில் சாட்டா டிஸ்க்கின் பெயர் எஸ்டிஏ என்று இருப்பதும் பகிர்வின் விளைவுதான். அந்த எஸ், ஸ்கசி என்ற பழைய இணைப்பு முறையின் டிஸ்க்குகள் இருந்த காலத்திலிருந்து வருவது. ஜெஃப் கார்சிக் சாட்டாவுக்காக லிப்ஏடிஏ என்ற நிரலை எழுதியபோது, புதிதாக எல்லாவற்றையும் கட்டாமல் இருக்கும் ஸ்கசி அடுக்கின் கீழே அதைப் பொருத்தினார். டிஸ்க் சாட்டா மொழி பேசினாலும் மேலே ஸ்கசியாகத் தெரிகிறது.

பகிராமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஆர்ம் உலகம் 2011 வாக்கில் அனுபவித்தது. ஒவ்வொரு சிப் குடும்பமும் தனக்கென்று ஒரு அடைவு, அதற்குள் சொந்தக் கடிகார நிரல், சிப்பின் கால்களுக்கான சொந்த நிரல், போர்டுக்கு ஒரு சி கோப்பு என்று வைத்திருந்தது. கடிகாரத்துக்கான ஸ்ட்ரக்ட் (தரவுத் தொகுப்பு) எல்லோரிடமும் ஒரே பெயரில் இருந்தது, உள்ளே இருந்தது மட்டும் ஒவ்வொருவரிடமும் வேறு. அதனால் இரண்டு குடும்பங்களை ஒரே கெர்னலில் சேர்த்துத் தொகுக்கவே வழியில்லை. அந்த வருடம் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து கடுமையாக எழுதினார், அது நியாயமான கோபம். அதற்குப் பிறகு டிவைஸ் ட்ரீ வேகம் பிடித்தது. மைக் டர்கெட் எழுதிய பொதுக் கடிகார அமைப்பு 2012 மே மாதம் 3.4இல் வந்தது. அதே வருட டிசம்பரில் 3.7இல் பல ஆர்ம் குடும்பங்கள் ஒரே கெர்னலில் ஓடத் தொடங்கின. பல பேருடைய பல மாத உழைப்பு அது. பளபளப்பு எதுவும் இல்லாத, நகல்களை நீக்கிக்கொண்டே போகும் வேலை. அவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

இந்தப் பழக்கத்தை லினக்ஸ் மட்டும் வளர்க்கவில்லை. நெட்பிஎஸ்டி இயங்குதளத்தில் சிப்பின் நிரல் ஓரிடத்தில் இருக்கும், அது எந்த பஸ்ஸில் (இணைப்பு வழியில்) உட்கார்ந்திருக்கிறது என்பது தனிக் கோப்பில் இருக்கும். சிப்பின் நிரலுக்குப் பஸ் எது என்றே தெரியாது. ஒரு குறியும் ஒரு கைப்பிடியும் கொடுத்து "இந்த இடத்தில் ஒரு பைட் படி" என்று கேட்கும், மற்றதைப் பஸ் அடுக்கு பார்த்துக்கொள்ளும். சிபியூவின் உதவியின்றிச் சாதனமே மெமரியைத் தொடும் டிஎம்ஏவுக்கும் இதே மாதிரி ஒரு அமைப்பை ஜேசன் தோர்ப் வடிவமைத்து 1998இல் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் கட்டுரையாகக் கொடுத்தார். பழைய பிசிகளின் ஐஎஸ்ஏ அட்டைகளின் டிஎம்ஏவால் 16 எம்பிக்கு மேல் எட்ட முடியாது. அதற்கு மேலுள்ள மெமரியில் தரவு இருந்தால் கீழே ஒரு தற்காலிக இடத்துக்கு நகலெடுத்துக் கொடுக்க வேண்டும். ட்ரைவர் எழுதுபவர் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை என்பதுதான் அந்த வடிவமைப்பின் பலன்.

இயங்குதளங்களுக்கு இடையிலும் நிரல் பயணிக்கிறது. ஹைக்கூ இயங்குதளம் ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தின் நெட்வொர்க் ட்ரைவர்களை ஒரு இணக்க அடுக்கின் மேல் ஓட்டுகிறது. சின்னக் குழு அது, ஒவ்வொரு வைஃபை சிப்புக்கும் சொந்தமாக எழுதுவது அவர்களால் ஆகாத காரியம். ஃப்ரீபிஎஸ்டி தன் பங்குக்கு லினக்ஸின் கிராஃபிக்ஸ் ட்ரைவர்களை லினக்ஸ்கேபிஐ என்ற அடுக்கின் வழியாகப் பயன்படுத்துகிறது. அந்தக் கிராஃபிக்ஸ் கோப்புகளில் பல எம்ஐடி என்ற தளர்வான உரிமத்தில் இருப்பதால்தான் இது சாத்தியமாகிறது. கோப்பின் தலையில் இருக்கும் உரிம வரியைப் பார்க்காமல் வேறொரு இயங்குதளத்துக்கு எதையும் எடுத்துச் செல்லாதீர்கள். ஜிபிஎல் என்ற கடுமையான உரிமத்தில் உள்ள நிரலை பிஎஸ்டி கெர்னலுக்குள் கொண்டுபோனால் அதை ஏற்க மாட்டார்கள், உங்கள் உழைப்பு வீணாகும்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். அடையாள எண் பார்த்தாகிவிட்டது, சொந்தக்காரர் யாரென்று தெரிந்துவிட்டது, சி நிரல் எதுவும் எழுத வேண்டியதில்லை என்று வைத்துக்கொள்வோம். டிவைஸ் ட்ரீயில் அந்தச் சாதனத்துக்குப் பெயர் எழுதும் இடத்தில் பொதுப் பெயரை மட்டும் போட்டுவிடாதீர்கள். ராக்சிப் ஆர்கே3399இன் யூஆர்ட்டைப் பாருங்கள். முதலில் அந்தச் சிப்பின் பெயரோடு கூடிய யூஆர்ட் பெயர் இருக்கும், அடுத்ததாகச் சினாப்சிஸ் டிசைன்வேர் யூஆர்ட் என்ற பொதுப் பெயர். கெர்னலுக்கு முதல் பெயர் தெரியாவிட்டால் இரண்டாவதை வைத்துச் சரியான ட்ரைவரைப் பிடித்துக்கொள்ளும். பொதுப் பெயர் மட்டும் இருந்து, பிற்பாடு அந்த ஒரு சிப்பில் மட்டும் ஏதாவது கோளாறு தெரிய வந்தால், மற்றவற்றிலிருந்து அதைப் பிரித்துக் காண வழியிருக்காது. இரண்டு பெயரும் இருந்தால், கெர்னலில் அந்த முதல் பெயருக்கு ஒரு வரியும் ஒரு சின்னத் திருத்தமும் சேர்த்தால் வேலை முடிந்தது. விற்று முடிந்து வாடிக்கையாளர் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் போர்டுகளின் ஃப்ளாஷில் எழுதியிருக்கும் டிவைஸ் ட்ரீயைத் தொடவே வேண்டாம்.